அடுத்தவர் பொட்டலம்

தருமபுரியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் உம்ராவுக்குப் புறப்படுகிறவர்களில் பலர் ஓசூர் வழியாகப் பெங்களூர் சென்று விமானம் ஏறுகிறார்கள். பயணம் சொல்லிக்கொள்ளப் போகும் வீடுகளில் ஒரு பொட்டலம் காத்திருக்கும். "பாய், ஜித்தாவிலே இருக்கிற எங்க பையனுக்குக் கொஞ்சம் மசாலாப் பொடியும் மருந்தும்தான்." உம்ராவுக்குப் போகிறவர் எப்படி மறுப்பார்? விமான நிலையத்தில், "யாராவது ஏதாவது கொடுத்தார்களா?" என்று கேட்டால், "எல்லாம் என்னுடையதுதான்" என்று சொல்லிவிடுகிறார். இஹ்ராமுக்கு நிய்யத் வைக்கப் போகும் நாவில் ஒரு பொய்!

இதைச் சிறு விஷயம் என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று இரவு சென்னை மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து ஏறத்தாழ 30 பேர் மாண்டார்கள். கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளைக் கொடுத்த ஆள் விமானம் ஏறவில்லை. பெட்டிகள் நிலையத்திலேயே தங்கிவிட்டன. தொலைபேசியில் எச்சரிக்கை வந்தும் பயன்படவில்லை. மறு ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' அட்லாண்டிக் கடலின் மேல் சிதறி 329 பேர் இறந்தார்கள். அங்கும் பெட்டி ஏறியது, பெட்டிக்காரன் ஏறவில்லை. ஆளில்லாமல் பெட்டி போகக் கூடாது என்ற விதி அதன் பின்னர்தான் உலகெங்கும் இறுகியது. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் சுமக்கிறவர் அந்த விதிக்குப் பெயரளவில்தான் ஆள்.

நமக்கு அச்சம் எங்கே வருகிறது பாருங்கள். அறியாத முகத்தைக் கண்டால் வருகிறது. தெரிந்தவர் கொடுத்தது என்றால் போய்விடுகிறது. நம் தாடியையும் தொப்பியையும் கண்டு பக்கத்து இருக்கைக்காரர் நெளிந்தால் வருந்துகிறோம். வருந்துவது நியாயமே. ஆனால் முகத்தை வைத்து எடைபோடும் அதே பிழையைத்தானே பொட்டலத்தை வாங்கும்போது நாமும் செய்கிறோம்?

அமானிதத்தைப் பிரித்துப் பார்ப்பது துரோகமல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. கையில் வாங்கிய பிறகுதான் அது அமானிதம். வாங்குமுன், கொடுப்பவர் கையாலேயே பிரித்துக் காட்டச் சொல்வதில் துரோகம் ஏது? உடன் பயணம் செய்கிறவர்களின் உயிரும் அமானிதம் அல்லவா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்ற நமக்கு இது புதிதுமல்ல.

மனத்தாங்கல் வரத்தான் செய்யும். வந்தால் கசகசாவைச் சொல்லுங்கள். நம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா சவூதியில் தடை செய்யப்பட்ட பொருள். மசாலாவை இடித்துக் கொடுத்த தாய்க்கும் அது தெரிந்திராது, சுமந்து போகிறவருக்கும் தெரிந்திராது. ஜித்தாவில் பெட்டியைத் திறக்கிற அதிகாரிக்குத் தெரியும்.