கட்டணம் கட்டியவர்களில் சிறந்தவர்

ஒரு வலைத்தள வடிவமைப்பு நிறுவனத்தின் முகப்பில் விருதுச் சின்னம் மின்னுகிறது. தனக்கொரு தளம் செய்துதரக் கேட்டு வருபவர் அதை எப்படிப் புரிந்துகொள்வார்? உலகத்துத் தளங்களையெல்லாம் யாரோ சலித்துப் பார்த்து இவர்களைத் தேர்ந்திருக்கிறார்கள் என்றுதான். நடப்பது வேறு. 1996-இல் நிறுவப்பட்ட வெபி விருதானாலும், 2009-இல் தொடங்கிய ஆவ்வார்ட்ஸ் ஆனாலும், கட்டணம் கட்டி விண்ணப்பித்தவர்களிடையேதான் போட்டி. நியூயார்க் நிறுவனத்துக்கு அந்தத் தொகை விளம்பரச் செலவில் ஒரு வரி. மதுரையிலோ நைரோபியிலோ இரண்டு பேர் நடத்தும் சிறு நிறுவனத்துக்கு அது ஒரு மாத வாடகையாகவே இருக்கலாம். அவர்கள் தோற்கவில்லை, போட்டிக்குள்ளேயே வரவில்லை.

கட்டணம் வாங்குவதாலேயே ஒரு விருது கெட்டுவிடாது. புலிட்சர் பரிசுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆனாலும் 2012-இல் புனைகதைக்கான புலிட்சர் யாருக்கும் தரப்படவில்லை. நடுவர்கள் மூன்று நூல்களைப் பரிந்துரைத்தும், பரிசுக் குழுவில் எதற்கும் பெரும்பான்மை அமையவில்லை. காசை வாங்கிக்கொண்ட பிறகும் ‘இந்த முறை இல்லை’ என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் உரைகல். ஆவ்வார்ட்ஸோ ‘இன்றைய தளம்’ என்ற விருதை நாள்தோறும் வழங்குகிறது. தகுதியான தளம் கிடைக்காத நாள் ஆண்டில் ஒன்றுகூட இல்லை என்று நம்பச் சற்றுத் தாராள மனம் வேண்டும்.

வெபியில் வகைகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் விருதை வழங்கும் அகாதெமியின் தேர்வு ஒன்று, மக்கள் வாக்கு ஒன்று. மக்கள் வாக்கு என்றால் நியாயம் கூடும் என்று தோன்றும். லட்சக்கணக்கான வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரிகளைக் கையில் வைத்திருக்கும் பிராண்டுக்கு அது கூடுதல் வசதிதான். (அந்த மேடையில் ஏற்புரை ஐந்து சொற்களைத் தாண்டக்கூடாது. 2005-இல் வாழ்நாள் சாதனை விருது பெற்ற ஆல் கோர், இந்த வாக்குகளைத் திரும்ப எண்ணிவிடாதீர்கள் என்று, தான் அதிபர் தேர்தலில் தோற்ற ஃப்ளோரிடா மறு எண்ணிக்கையை நினைவூட்டிக் கேலி செய்தார். இங்கே எண்ணிக்கை சரியாகவே இருக்கலாம். வாக்காளரைத் திரட்டியது யார் என்பதுதான் கேள்வி.)

இதைவிட ஆழமான கோளாறு மதிப்பெண் பங்கீட்டில் இருக்கிறது. ஆவ்வார்ட்ஸில் வடிவமைப்புக்கு 40 விழுக்காடு, பயன்பாட்டு எளிமைக்கு 30, படைப்பாற்றலுக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10. எதைத் தேடி மனிதர்கள் ஒரு தளத்துக்கு வருகிறார்களோ அதற்குப் பத்தில் ஒரு பங்கு. பார்வையற்றவர் திரைவாசிப்பானோடு வந்தால் தளம் அவருக்கு வழிவிடுமா என்பதற்கு இந்தக் கணக்கில் தனித் தலைப்பே இல்லை. டெவலப்பர் விருது என்ற வேறொரு மதிப்பீட்டில்தான் அது வருகிறது. வெப்எய்ம் அமைப்பு 2024-இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 95.9 விழுக்காட்டில் அணுகல் சார்ந்த பிழைகள் இருந்தன. ஒரு தொழில் மொத்தமாகத் தவறும் இடம் அதன் பாராட்டு விழாவில் ஓரத்தில் கிடக்கிறது. நடுவர்கள் நேர்மையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களும் அதே தொழிலைச் செய்பவர்கள், நல்ல கணினியில் வேகமான இணைப்பில் பார்ப்பவர்கள். தங்களை வியக்க வைப்பதற்கு மதிப்பெண் போடுகிறார்கள். மெதுவான கைப்பேசியில் கட்டணம் செலுத்தத் தவிப்பவர் நடுவர் குழுவில் இல்லை.

வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதற்குச் சான்று உண்டு. லண்டன் டிசைன் மியூசியம் 2013-இன் சிறந்த வடிவமைப்பாகத் தேர்ந்தது பிரிட்டன் அரசின் தளமான கவ் டாட் யூகேயை. பளபளப்பு எதுவும் இல்லாத, படிவத்தை நிரப்பிவிட்டுப் போக வசதியான தளம். அங்கே பட்டியலை உருவாக்கியது வல்லுநர்களின் பரிந்துரை.

சின்னத்தை மாட்டிக்கொள்ளும் நிறுவனம் பொய் சொல்கிறதா? அதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் அதைத் தவறாகப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தும், அந்தத் தவறான புரிதலே ஒப்பந்தத்தைக் கொண்டுவரும் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பதற்கு விருது நடத்துபவரைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. எந்த வகையில், எத்தனை தளங்களுக்கு நடுவே, எவ்வளவு கட்டணம் கட்டிப் பெற்றது என்று சின்னத்தின் கீழே ஒரு வரி எழுத இடமில்லாத முகப்பு எதுவும் இல்லை. அந்த வரியைப் படித்த பிறகும் வாடிக்கையாளர் அதே நிறுவனத்தைத் தேர்ந்தால், அந்தத் தேர்வு முழுக்க அவருடையது.