அடகு வைக்கக் கூடாத செல்வம்

‘கடன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தர வேண்டியதும் கடன். மனிதன் செய்தே ஆக வேண்டிய கடமையும் கடன். முதற்கடனை அடைக்கும் அவசரத்தில் இரண்டாவதை மறக்கலாமா? இக்கேள்விக்குப் பெங்களூரு நகரின் அண்மைக்கால வரலாறு ஒரு பாடமாக அமைகிறது.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தின்மீது படையெடுத்ததும் கச்சா எண்ணெய் விலை ஏறியது. ஏற்கெனவே கடன்சுமையில் தவித்த பாரதத்தின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 1991-இல் சில வார இறக்குமதிக்கே போதும் என்ற அளவுக்குச் சுருங்கியது. ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் வெளிநாட்டு வங்கிகளிடம் அடகு வைக்கப்பட்டது. எரிபொருளுக்காகப் பிறர் கையை எதிர்பார்ப்பது நாட்டின் பாதுகாப்பையே அசைத்துவிடும் என்பதை அன்று அனைவரும் உணர்ந்தனர்.

அந்நெருக்கடியிலிருந்து பிறந்தவையே பொருளாதாரச் சீர்திருத்தங்கள். பெங்களூருவின் மென்பொருள் நிறுவனங்கள் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தன. 1991-இல் சுமார் 41 லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை 2011-இல் சுமார் 85 லட்சமாயிற்று. பலரது வறுமை நீங்கியது, இது போற்றத்தக்கதே.

ஆனால் முன்னோர் வெட்டிய ஏரிகள் பல கட்டிடங்களாயின; எஞ்சியவை பலவற்றில் கழிவுநீர் நிறைந்தது. 2017, 2018 ஆண்டுகளில் பெல்லந்தூர் ஏரியிலேயே தீப்பிடித்தது. 2024 கோடையில், நகரின் சுமார் 14,000 பொது ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகருக்கு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை ஏற்றப் பெருமளவு மின்சாரம் செலவாகிறது. அந்தக் காவிரியின் பொருட்டு 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் நகரில் வன்முறை மூண்டது. நீர் குறைந்தால், நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தவரும் அந்நியராகத் தோன்றுகின்றனர்.

வறுமையே இயற்கையைக் காக்கும் என்று இதற்குப் பொருளல்ல. 2022-இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்து, சமையல் எரிவாயு கிடைக்காதபோது, நகரவாசிகளும் விறகைத் தேடினர். பணம் இல்லாதபோது மரத்தை வெட்டுகிறோம். பணம் வந்தபோது ஏரியைத் தூர்க்கிறோம். குறை பணத்தில் இல்லை; கடமையை மறந்த மனத்திலேயே இருக்கிறது.

1991-இல் வாங்கிய கடன் அடைக்கப்பட்டது. தங்கம் நாட்டின் உடைமையாகவே நிலைத்தது. எந்தக் கணக்கேட்டிலும் ஏறாமல், இன்னும் பிறவாத பிள்ளைகளின் பெயரில் அடகு வைக்கப்பட்ட ஏரியையும் நிலத்தடி நீரையும் மீட்பவர் யார்? 2009 முதல் பெங்களூருவில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிச் செய்வது வேறு. கடன் என உணர்ந்து செய்வது வேறு. தன் கூரையில் விழும் மழையை மண்ணுக்குத் திருப்பித் தருபவன், கடன் என்ற சொல்லின் இரு பொருளையும் ஒருசேர நிறைவேற்றியவன் ஆகிறான்.