லயத்து மழைமானி

இலங்கையின் ஊவா மாகாணத்து மடுல்சீமை பனிப்புயலை அறியாது; வங்கக் கடலின் ஈரக்காற்றை ஏந்தி வரும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையே அம்மலைச்சரிவின் குளிர்காலமாகும். மழையளவை நாள்தோறும் பதியும் வழக்கம் தேயிலைத் தோட்ட அலுவலகங்களில் பிரித்தானியர் காலந்தொட்டே இருந்துவருகிறது. எனினும் அக்கணக்கு கொழுந்துக்காக எழுதப்பட்டது. லயத்தில், அதாவது வரிசைக் குடியிருப்பில், உறங்குவோருக்காக அன்று.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவால் லயங்கள் மண்ணுள் புதைந்த துயரத்தை ஊவா மறக்கவில்லை. 24 மணிநேர மழை 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு, 100 எனில் ஆயத்தம், 150 எனில் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரம்பு. இம்மழையை அளக்கப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. பக்கங்கள் நேரான பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடியில் கூழாங்கல் இட்டு, அது மூழ்க நீரூற்றிச் சமன்செய்த மட்டத்தைச் சுழியாகக் கொண்டு, மேலே அளவுகோலை ஒட்டினால் எளிய மழைமானி ஆயிற்று. மரமும் கூரையும் மறைக்காத வெளியில் அதை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் பார்த்தெழுத வேண்டும். கனமழை நாளில் மணிக்கொருமுறை பார்ப்பது நன்று. அடுத்த மழைக்காலத்துக்கு முன் லயத்துக்கு ஒருவரேனும் இப்பணியை ஏற்க முன்வர வேண்டும்.