அநித்தியமும் அநீதியும்

பிறப்புடைய யாவும் இறப்புடையன என்பதைச் சிறு குழந்தையும் அறியும். இழவு வீட்டிற்குச் செல்லும் நாம், அழுதுகொண்டிருப்பவரின் அருகில் அமர்ந்து முதலில் சொல்வதும் அதுவே. "எல்லோரும் ஒருநாள் போக வேண்டியவர்களே, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்கிறோம். அச்சொல் மெய், அதனை அன்போடு சொல்பவரும் நல்லவரே. ஆயினும் ஈண்டு ஓர் ஐயம் எழுகின்றது. மூப்பினாலோ பிணியினாலோ இறந்தவரின் மனைவிக்குச் சொல்லும் அந்த ஆறுதலையே, பிறரது பேராசையினால் கொல்லப்பட்டவரின் மனைவிக்கும் சொல்லலாமா? சொன்னால் அஃது ஆறுதலாகுமா, அல்லது அவள் வாய்க்கு இடும் பூட்டாகுமா? இதனைச் சற்றே ஆராய்வோம்.

இவ்வையத்தை என் உள்ளத்தில் வலுப்படுத்தியது ஓர் ஆங்கிலத் திரைப்படம். 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' என்பது அதன் பெயர். ஜான் லெ கரே 2001-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, பிரேசில் நாட்டவரான பெர்னாண்டோ மெய்ரெல்லஸ் 2005-இல் இதனை இயக்கினார். கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில் பிரிட்டிஷ் தூதரகத்தில் பணிபுரியும் ஜஸ்டின் என்பவன் மென்மையான இயல்பினன். செடி கொடிகளை வளர்ப்பதில் இன்பம் காண்பவன். மேலதிகாரிகளின் சொல்லை ஐயுறாதவன். அவன் மனைவி டெஸ்ஸாவோ சேரி மக்களிடையே சென்று அவர்கள் துன்பத்தைக் கண்ணால் காண்பவள். காசநோய்க்கென ஆக்கப்பட்ட ஒரு புதிய மருந்தை ஏழைகளின் உடலில் சோதித்து, அதனால் விளைந்த மரணங்களைக் கம்பெனியார் மறைப்பதை அவள் கண்டறிகிறாள். அறிந்ததை எழுதி அரசின் அதிகாரிகளுக்கு அனுப்புகிறாள். சில நாட்களில் துர்க்கானா ஏரியின் அருகே அவள் பிணமாகக் கிடக்கிறாள்.

அதன்பின் நடப்பதே நம் ஆராய்ச்சிக்குரியது. நண்பரும் அதிகாரிகளும் ஜஸ்டினைச் சூழ்ந்துகொண்டு தேற்றுகின்றனர். ஊர் திரும்பி ஓய்வு கொள்ளுமாறு இரக்கத்தோடு கூறுகின்றனர். கூடவே இறந்தவளின் ஒழுக்கத்தின்மேல் ஐயத்தையும் மெல்லத் தூவுகின்றனர். அவர்களிற் சிலர் உண்மையை அறிந்தவர். அறிந்துகொண்டே ஆறுதல் கூறுகின்றனர். ஜஸ்டின் முதலில் அதற்கு இணங்குபவன்போற் காணப்படுகிறான். பின்னர் மனைவி விட்டுச் சென்ற தாள்களைப் புரட்டுகிறான். அவள் நடந்த வழியே நாடு நாடாக நடக்கிறான்.

இப்படத்தில் வரும் இரு காட்சிகளை ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும். மருத்துவமனையில் தமக்கையைச் சாகக் கொடுத்த ஒரு சிறுவன், அவளது பச்சிளங் குழந்தையோடு நெடுந்தொலைவு நடந்து வீடு திரும்புகிறான். அவர்களை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம் என டெஸ்ஸா மன்றாடுகிறாள். உதவி வேண்டுவோர் கோடிக்கணக்கானவர், அனைவருக்கும் நம்மால் செய்ய இயலாது எனக் கூறி ஜஸ்டின் மறுத்துவிடுகிறான். இந்தச் சிலருக்கேனும் இப்பொழுது செய்யலாமே என்பது அவள் வாதம். அவள் இறந்த பின்னர், கொள்ளையரால் தாக்கப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து விமானத்தில் தப்பும்போது, ஒரு சிறுமியையும் ஏற்றிக்கொள்ளுமாறு அதே ஜஸ்டின் விமானியிடம் கெஞ்சுகிறான். விதி இடந்தராது என்கிறான் விமானி. மனைவி பேசிய சொல்லை இப்பொழுது கணவன் பேசுகிறான். தான் முன்னர்ச் சொன்ன மறுமொழியை மற்றொருவன் வாயிலிருந்து கேட்கிறான். துயரம் அவனுக்கு அளித்த கண் இதுவே.

இக்கதை எந்தவொரு நிறுவனத்தின் வரலாறும் அன்று, கற்பனையே. எனினும் கண்டோர் பலருக்கு ஓர் உண்மை நிகழ்ச்சி நினைவிற்கு வரும். 1996-இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபோது, பைசர் கம்பெனி 200 குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. பாதிப் பேருக்கு ட்ரோவன் என்னும் புதிய மருந்தும், மற்றோர்க்கு முன்பே வழக்கிலிருந்த மருந்தும் தரப்பட்டன. 11 குழந்தைகள் மாண்டனர். பெற்றோரின் இசைவு முறைப்படி பெறப்பட்டதா என்பது பெருவழக்காயிற்று. கம்பெனி தன்மேல் குற்றமில்லை என மறுத்தது, 2009-இல் 7.5 கோடி டாலர் தரும் உடன்பாட்டினால் கானோ மாநிலத்தோடு நடந்த வழக்கு முடிந்தது.

தொலைதேசத்துச் செய்தி என்று இவற்றை நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை. நம் மைசூரில் பயின்ற ஓர் இளைஞரின் வரலாறும் இதனோடு சேர்த்தே எண்ணத்தக்கது. மஞ்சுநாத் சண்முகம் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். மைசூர் ஸ்ரீ ஜயசாமராஜேந்திரா பொறியியற் கல்லூரியில் கற்று, லக்னோவில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தில் பட்டம் பெற்று, இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனில் விற்பனை அதிகாரியானார். உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்பட எண்ணெய் விற்ற பெட்ரோல் பங்கிற்கு அவர் சீல் வைத்தார். அது மீண்டும் திறக்கப்பட்டபோது, முன்னறிவிப்பின்றிச் சோதனையிடச் சென்றார். 2005 நவம்பர் 19-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 27. சில நாட்களாக மகனிடமிருந்து சொல் வராமையால், அவ்விரவில் தந்தையார் நலம் விசாரித்துக் கைபேசியில் செய்தி அனுப்பினார். மறுமொழி வரவில்லை.

அவரைச் சுட்டது ஒரு துப்பாக்கி. ஆனால் அவரைக் கொன்றது அத்துப்பாக்கி மட்டுந்தானா? ஏழைகளின் அடுப்பிற்கென அரசு மலிவாகத் தந்த மண்ணெண்ணெயை ஒருவன் பதுக்குகிறான். ஒருவன் லாரியில் ஏற்றுகிறான். ஒருவன் அதனை டீசலில் கலக்கிறான். ஒருவன் கணக்கைத் திருத்துகிறான். பார்க்க வேண்டியவன் பாராதிருக்கிறான். வாங்குபவனோ வண்டி சரியாக ஓடவில்லை என முணுமுணுத்துவிட்டு மறுநாளும் அங்கேயே நிரப்புகிறான். இவர்களுள் எவனைக் கேட்டாலும், "நான் செய்தது சிறிது, எல்லோரும் செய்வதுதான்" என்பான். பல கூறாகப் பிரிந்த குற்றம் ஒருவர்க்கும் பாரமாகத் தோன்றுவதில்லை. பெரிய கம்பெனிகளின் குற்றமும் இத்தன்மையதே. ஆராய்பவர் ஓர் அறிக்கை எழுதுகிறார், மேலாளர் அதிலொரு வரியை நீக்குகிறார், வழக்கறிஞர் சொல்லைச் சீர்செய்கிறார், அதிகாரி கையெழுத்திடுகிறார். எவர் கையிலும் குருதி ஒட்டுவதில்லை.

ஆனால் துயரம் அவ்வாறு பங்கிடப்படுவதில்லை. அது முழுமையாக ஒரு வீட்டின் வாயிலில் வந்து இறங்குகிறது. அந்த வீட்டுத் தாயும் தந்தையும் மனைவியுமே அதனைத் தூக்க வேண்டியவராகின்றனர். ஆகவே, சிதறிய துண்டுகளையெல்லாம் தேடிச் சேர்த்து, "இதோ, நீங்கள் பங்கிட்டுக்கொண்டது ஓர் உயிர்" என்று காட்டும் தகுதியும் அவர்க்கே முதலில் வாய்க்கின்றது. அவர்களைப் பார்த்து, "யாக்கை நிலையாதது, மறந்துவிடுங்கள்" என்று சொல்வோமாயின், குற்றத்தைப் பங்கிட்டோரின் வரிசையில் நாமும் கடைசியாகப் போய் நிற்கின்றோம்.

இவ்விடத்தில் கிசாகோதமியின் கதை பலருக்கு நினைவு வரலாம். இறந்த மகவை ஏந்தி மருந்து கேட்ட அவளிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வரும்படி பகவன் பணித்தார். அவள் வீடு வீடாகச் சென்றாள், சாவு நேராத வீடு ஒன்றுமில்லை எனக் கண்டாள், தெளிந்தாள். இக்கதையைக் காட்டி, "ஆகவே கேள்வி கேளாதே" என்று சொல்வாரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பகவன் அவளை வாய்மூடி வீட்டில் இருக்கச் சொல்லவில்லை. புறப்பட்டுப் போய், கேட்டு, தானே கண்டறியச் சொன்னார். அவள் வினவியறிந்த மெய்யே அவளுக்கு மருந்தாயிற்று. மேலும், சாவு எல்லா வீட்டிலும் உண்டு. கொலை எல்லா வீட்டிலும் இல்லை. இயற்கையால் வரும் சாவுக்கு நிலையாமையை உணர்தல் மருந்தாகும். பிறர் செயலால் வந்த சாவில் நிலையாமையோடு காரணமும் உண்டு. காரணத்தை அறிந்து நீக்காதவரை அது அடுத்த வீட்டிலும் புகும். காரணத்தை ஆராயாமல் காரியத்தை மட்டும் பொறுத்துக்கொள்ளுமாறு கூறுவது நம் அறநெறியன்று.

அங்ஙனமாயின் பழிக்குப் பழி வாங்குதல் முறையோ எனின், அதுவும் அன்று. மஞ்சுநாத் கொலை வழக்கில் 2007 மார்ச்சு மாதத்தில் விசாரணை நீதிமன்றம் முதற் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனையும், மற்ற எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2009-இல் உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2015-இல் உச்சநீதிமன்றம் அறுவரின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. தூக்கு நீங்கியதால் நீதி குறைந்துவிட்டதென நான் கருதவில்லை. ஒருவனைத் தூக்கிலிட்டால் ஒரு லிட்டர் எண்ணெயேனும் தூய்மையாகுமா? கொன்றவன் மடிந்தான் என்ற நிறைவில் கலப்படத்தை ஊர் மறந்துவிடவுங் கூடும். மறதியும் பழிவாங்கலும் இரு எதிர் முனைகள் போலத் தோன்றினும், காரணத்தைத் தொடாமல் விடுவதில் இரண்டும் ஒன்றே.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழியுண்டு. அஃது இறந்தவர் கண்ட உண்மையைத் தானும் கண்டு, அவர் விட்ட பணியைத் தான் ஏற்பது. மஞ்சுநாத்தின் பெற்றோரும் உடன் பயின்ற நண்பர்களும் வழக்கைக் கைவிடாது தொடர்ந்தனர். அவர் பெயரால் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. 2014-இல் சந்தீப் வர்மா அவர் வரலாற்றை இந்தியில் படமாக்கினார். நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலை எழுதியறிவித்த சத்யேந்திர துபே 2003-இலும், மஞ்சுநாத் 2005-இலும் கொல்லப்பட்ட பின்னர் எழுந்த குரலும் வீண்போகவில்லை. தவற்றை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கான சட்டத்தை 2014-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

கணவனை இழந்த ஒரு மாதரசியின் செயலையும் ஈண்டுக் கூறல் வேண்டும். 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. குற்றம் எங்ஙனம் பங்கிடப்பட்டதென்பதை அவ்வழக்கிலேயே காணலாம். 2010-இல்தான் தீர்ப்பு வந்தது. இந்திய அதிகாரிகள் எழுவருக்கு இரண்டாண்டுச் சிறை என்பதே முடிவு. அந்நகரில் கணவனைப் பறிகொடுத்த சம்பா தேவி சுக்லா, தம்மைப் போன்றே இழப்புற்ற ரஷீதா பீ என்பாருடன் சேர்ந்து போராடினார். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். துயரம் அவ்வேற்றுமையை அறியவில்லை. 2004-இல் இருவருக்கும் கோல்டுமன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அப்பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், நச்சின் விளைவாக ஊனமுற்றுப் பிறந்த குழந்தைகளுக்காகச் சிங்காரி என்னும் அறக்கட்டளையை நிறுவினர். திரைப்படத்தின் ஜஸ்டின் உண்மையை வெளியேற்றிவிட்டு, மனைவி மாண்ட ஏரிக்கரையிலேயே தானும் மாள்கிறான். போபால் பெண்டிரோ வாழ்ந்து, தம் துயரைப் பிறர் பிள்ளைகளுக்கு மருந்தாக்கினர். என் உள்ளம் பின்னதையே உயர்வாக மதிக்கின்றது.

அன்பர்காள்! ஜஸ்டினுக்குக் கண் திறக்க மனைவி சாக வேண்டியிருந்தது. நமக்கும் அவ்வாறே ஒரு சாவு வேண்டுமோ? நம்மிற் பலர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் கடைகளிலும் உழைத்து உண்பவர். நாள்தோறும் நம் கையில் ஒரு சிறு பங்கு வந்து சேர்கிறது: திருத்தச் சொல்லும் ஒரு கணக்கு, பாராமல் இடச் சொல்லும் ஒரு கையெழுத்து, எடையில் குறைக்கச் சொல்லும் ஒரு பிடி. இது சிறிதுதானே என்று மனம் சொல்லும். அப்பொழுது இப்பங்குகளெல்லாம் ஒன்றுகூடி எந்த வீட்டின் வாயிலில் இறங்கும் என்று ஒருகணம் எண்ணுவோமாக. நம் பங்கை நாம் ஏற்க மறுத்தால் மற்றவர் அதனைச் செய்துவிடக்கூடும், உண்மையே. ஆயினும் அது நம் பங்காக இராது.

இனி இழவு வீட்டிற்குச் செல்லும்போது, யாவும் நிலையாதன என்பதைச் சொல்வோம்; அது மெய்யாதலின் சொல்லலாம். ஆனால் அதனை இறுதிச் சொல்லாக்கிவிட்டு எழுந்து வந்துவிடாமல், "இது எதனால் நேர்ந்தது?" என்று அழுபவர் கேட்பாராயின், அவரோடு அமர்ந்து அதனையும் கேட்போம். நிலையாமையை உணர்ந்தவனுக்கு இழப்பதற்கு அச்சமில்லை. அச்சமற்றவனே அநீதியை நேர்நின்று வினவ வல்லவன்.