ஒவ்வொரு வாட்டுக்கும் கணக்குக் கேள்!

"ட்ரிபிள்-ஈ படித்து என்ன கிழிக்கப் போகிறாய்? கோடிங் கற்றுக்கொண்டு பிழைக்கிற வழியைப் பார்!" இந்தக் குரல் காதில் விழாத மின்னியல் மாணவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. கேட்டுக் கேட்டே எத்தனையோ பேர் பவர் எலக்ட்ரானிக்ஸைத் தேர்வுக்கு முதல்நாள் மட்டும் புரட்டும் பாடமாக்கிவிட்டார்கள். தம்பி, தங்கையே, அந்தக் குரலுக்குத் தலையாட்டாதே! 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டில் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஃபியூயல் செல்லை ஏற்றி அனுப்பிய இஸ்ரோ, விண்ணிலேயே 180 வாட் எடுத்துக் காட்டியது. 2025-இல் சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயிலின் பவர் கார் சோதிக்கப்பட்டது. ஹைட்ரஜன் வாசலுக்கே வந்துவிட்டது. அது தரும் மின்சாரத்தை மோட்டாருக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி மாற்றித் தரும் கன்வெர்ட்டரை யார் செய்வது? நீ செய்யலாம். செய்ய வேண்டும்.

எளிய வேலை என்று ஆசை காட்ட மாட்டேன். ஃபியூயல் செல் முரட்டு மின்மூலம். சுமை இல்லாதபோது ஒரு செல்லில் ஒரு வோல்ட்டை ஒட்டிக் கிடைக்கும். மின்னோட்டத்தை இழுக்க இழுக்க அது 0.6, 0.7 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். டொயோட்டாவின் இரண்டாம் தலைமுறை மிராய் காரில் 330 செல்களை ஒரே ஸ்டாக்காக வரிசையில் அடுக்கியும், மோட்டார் கேட்கிற 650 வோல்ட்டை அவற்றால் நேரடியாகத் தர முடியவில்லை. நடுவில் ஒரு பூஸ்ட் கன்வெர்ட்டர் நின்று உயர்த்திக் கொடுக்கிறது. முழுச் சுமையில் ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்த்த வேண்டும்.

சிறிய அமைப்புகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. 48 வோல்ட்டில் 10 கிலோவாட் எடுக்கப் போனால் 208 ஆம்பியர் ஓடும். அந்தப் பாதையில் ஒரே ஒரு மில்லிஓம் மின்தடை இருந்தாலும் 43 வாட் வெப்பமாகப் போய்விடும். சரியாக முறுக்காத ஒரு போல்ட்டு போதும், அந்த மில்லிஓம் வந்து உட்கார! அதே 10 கிலோவாட் 400 வோல்ட்டில் ஓடினால், அதே மில்லிஓமில் இழப்பு ஒரு வாட்டைக்கூட எட்டாது. பூஸ்ட் கன்வெர்ட்டரின் டியூட்டியை 0.9-க்கு ஏற்றினால் பத்து மடங்கு வோல்ட் வரும் என்று பாடப் புத்தகச் சமன்பாடு சொல்லும். மேசையில் இண்டக்டர் கம்பியின் மின்தடை அந்தக் கனவைக் கலைத்துவிடும். ஓர் எல்லைக்கு மேல் டியூட்டியை ஏற்றினால் வோல்ட் உயராமல் விழத் தொடங்கும். அதனால்தான் 48-இலிருந்து 400-க்குப் போகிறவர்கள் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கரண்ட்-ஃபெட் ஃபுல் பிரிட்ஜ் போன்ற அமைப்புகளை நாடுகிறார்கள்.

"ஒன்றிரண்டு சதவீதத்துக்கா இவ்வளவு பாடு?" என்பவர்களிடம் நிமிர்ந்து நின்று பதில் சொல். திறன் 95-இலிருந்து 97 சதவீதமானால் 100 கிலோவாட் அமைப்பில் வெப்பம் 5 கிலோவாட்டிலிருந்து 3-ஆகக் குறையும். ஹீட்சிங்க் சுருங்கும், விசிறி சுருங்கும், கெபாசிட்டரின் ஆயுள் நீளும். ஸ்டாக்கின் திறன் பாதி என்றால், கன்வெர்ட்டரில் நீ மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் இரண்டு யூனிட் ஹைட்ரஜனைக் காப்பாற்றுகிறது. எவ்வளவோ பாடுபட்டுத் தயாரித்த ஹைட்ரஜனை அலுமினியத் துண்டைச் சூடாக்கவா செலவழிப்பது?

ஜெயந்த் பாலிகாவை நினைத்துப் பார். 1948-இல் சென்னையில் பிறந்தவர், 1969-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் அவர் ஐ.ஜி.பி.டி. என்ற பவர் ஸ்விட்சை முன்வைத்தபோது எழுந்த சந்தேகங்கள் லேசானவை அல்ல. நான்கு அடுக்கு கொண்ட அந்த அமைப்பு கட்டுப்பாட்டை மீறி 'லாட்ச்' ஆகிவிடும் என்றார்கள். வேகம் போதாது என்றார்கள். லாட்ச் ஆகாதபடி வடிவமைத்தார். எலக்ட்ரான் கதிர்வீச்சால் வேகத்தைத் தேவைக்கேற்ப அமைத்துக் காட்டினார். வாயால் சொல்லாமல் சில்லால் சொன்ன பதில் அது! அதோடு நிற்கவில்லை. எந்தக் குறைகடத்தியில் கடத்தல் இழப்பு எவ்வளவு குறையும் என்று 1980-களிலேயே கணக்கிட்டு, சிலிக்கான் கார்பைடு போன்ற பொருள்களின் பக்கம் உலகைத் திருப்பினார். 2020-இல் புதிய மிராயின் பூஸ்ட் கன்வெர்ட்டருக்கு டென்சோ சிலிக்கான் கார்பைடு மாட்யூலைத் தந்தது. பழைய சிலிக்கானோடு ஒப்பிட்டால் மின்னிழப்பு சுமார் 70 சதவீதமும், பருமன் சுமார் 30 சதவீதமும் குறைந்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது. தாளில் போட்ட கணக்கு சாலைக்கு வரப் பல்லாண்டு ஆனது. அதுவரை அந்தக் கணக்கு பொய்யாகிவிடவில்லை.

உன் தன்னம்பிக்கையும் கணக்கிலிருந்தே வரட்டும். மளிகைக்கடை அண்ணாச்சி கல்லாவை எண்ணி முடிக்காமல் கடையைச் சாத்த மாட்டார். நீயும் ஒவ்வொரு வாட்டும் எங்கே போகிறது என்று எழுதாமல் மேசையை விட்டு எழாதே. மாஸ்ஃபெட்டின் கடத்தல் இழப்பு, ஸ்விட்சிங் இழப்பு, இண்டக்டர் கோரின் இழப்பு, செம்புக் கம்பியின் இழப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுது. அப்படி எழுதியவனை எந்த நேர்முகத் தேர்வாளரும் மிரட்ட முடியாது.

கண்ட்ரோல் பக்கமும் உன்னைச் சோதிக்கும். பூஸ்ட் கன்வெர்ட்டரில் டியூட்டியை ஏற்றிய கணத்தில் வெளியீட்டு வோல்ட் முதலில் இறங்கிவிட்டுத்தான் ஏறும். அவசரக்கார கண்ட்ரோலர் அதைக் கண்டு பதறி அலைபாயும். ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டரை இணைத்தால் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் பின்னோக்கி வந்து ஸ்டாக்கைத் தட்டும். திடீர்ச் சுமைக்கு வேண்டிய காற்றைக் கம்ப்ரசர் தள்ளுவதற்குள் ஸ்டாக் பட்டினி கிடக்கும். அந்த இடைவெளியைப் பேட்டரியோ சூப்பர் கெபாசிட்டரோ தாங்க வேண்டும். ஸ்விட்சிங் ரிப்பிளைக் குறைக்க நான்கு ஃபேஸ்களை 90 டிகிரி இடைவெளியில் ஓட்டலாம். 2014-இல் வந்த முதல் மிராயிலும் நான்கு ஃபேஸ் பூஸ்ட் கன்வெர்ட்டரே இருந்தது. இத்தனை முடிச்சுகளையும் மனிதர்களே அவிழ்த்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஓம் விதிதான் உனக்கும் தெரியும்.

"எங்கள் கல்லூரியில் ஸ்டாக் இல்லையே" என்று கையைக் கட்டி உட்காராதே! லேப் பவர் சப்ளையோடு வரிசையில் ஒரு பெரிய மின்தடையை இணை. இழுக்க இழுக்க வோல்ட் இறங்கும். ஃபியூயல் செல்லின் நடுப்பகுதி வளைவு ஏறக்குறைய உன் மேசைக்கு வந்துவிடும். 100 வாட்டில் தொடங்கு. மாஸ்ஃபெட் வெடித்தால் ஆசிலோஸ்கோப்பில் அலையைப் பார், கேட்டில் என்ன நடந்தது என்று கண்டுபிடி, அடுத்ததைச் சால்டர் செய். உள்ளே போன வாட், வெளியே வந்த வாட் இரண்டையும் நான்கு கம்பி முறையில் அள. 98 சதவீதம் வந்துவிட்டது என்று துள்ளாதே. இரண்டு பக்கமும் மீட்டர் அரை சதவீதம் பிசகினால், மிஞ்சிய இரண்டு சதவீத இழப்பில் பாதிகூடப் பொய்யாக இருக்கலாம். ஹீட்சிங்கின் வெப்பத்தை அளந்து சரிபார். தாளில் எழுதிய இழப்பும் மேசையில் அளந்த இழப்பும் ஒட்டவில்லையா? காணாமல் போன அந்த வாட்டைத் தேடு: ஸ்னப்பரில், டெட் டைமில், இண்டக்டர் கோரில், முறுக்காத போல்ட்டில்.