திரும்பிப் பார்த்தல்

ஓட்டப் பந்தயத்துக்குப் பயிலும் சிறுவனுக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்று, திரும்பிப் பார்க்கலாகாது என்பது. தலை திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் அடி தளரும். வாழ்க்கையையும் ஓர் ஓட்டம் என்றே பேசிப் பழகிவிட்ட நாம், இப்பாடத்தை ஆராயாமலே வாழ்க்கைக்கும் பொருத்திக்கொள்கிறோம். அது முறைதானா? ஆஸ்திரேலிய நாட்டு நடுத்தூர ஓட்டக்காரர் ஜான் லேண்டியின் வரலாறு இவ்வினாவை எண்ணிப் பார்க்க நமக்குத் துணைபுரியும்.

1930ஆம் ஆண்டு பிறந்த லேண்டி, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் வேளாண் அறிவியல் பயின்றவர். ஒரு மைல் தூரத்தை 4 நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க மனிதனால் இயலுமா என்று உலகம் வினவிக்கொண்டிருந்த காலம் அது. 1954 மே 6 அன்று இங்கிலாந்தின் ராஜர் பானிஸ்டர் ஆக்ஸ்போர்டில் 3 நிமிடம் 59.4 விநாடிகளில் ஓடி இயலும் என்று காட்டினார். ஏழு வாரங்கள் கழியுமுன்பே, பின்லாந்தின் துர்க்கு நகரில் லேண்டி அச்சாதனையை முறியடித்தார். அவருடைய நேரம் 3 நிமிடம் 58 விநாடிகள் எனப் பதிவாயிற்று.

அவ்வாண்டு ஆகஸ்ட் 7 அன்று, கனடாவின் வான்கூவரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளில் இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடினர். நெடுநேரம் முன்னணியில் ஓடிய லேண்டி, இறுதி வளைவில், தம்மைத் தொடர்பவர் எங்கே என்றறிய இடத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார். அந்நொடியில் வலப்புறமாகப் பானிஸ்டர் முந்திச் சென்றார். இருவருமே 4 நிமிடங்களுக்குள் ஓட்டத்தை முடித்தனர்; 0.8 விநாடியில் லேண்டி தோற்றார். அந்தப் பார்வைதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பானிஸ்டர் ஏற்கெனவே நெருங்கிக்கொண்டிருந்தார். ஆயினும் உலகம் அதையே நினைவில் வைத்தது. வெண்கலச் சிலையாகவும் வடித்து நிறுத்தியது.

அவர் மற்றொரு முறையும் திரும்பினார். 1956 மார்ச் 10 அன்று, மெல்போர்னில் ஆஸ்திரேலியத் தேசியப் போட்டியின் ஒரு மைல் பந்தயம். புதிய சாதனையைக் காணும் ஆவலுடன் மக்கள் கூடியிருந்தனர். மூன்றாம் சுற்றில், முன்னே ஓடிய 19 வயது ரான் கிளார்க் தடுமாறி விழுந்தார். பின்னே வந்த லேண்டி அவரைத் தாண்டிக் குதித்தார். ஆயினும் அவருடைய காலணியின் ஆணிகள் கிளார்க்கின் உடலில் உரசின. லேண்டி நின்றார், திரும்பி வந்தார், விழுந்தவருக்குப் பெருங்காயம் இல்லை என்று கண்டறிந்தார். ஓடும்படி கிளார்க்கே அவரை வற்புறுத்தினார். மற்றவர்கள் வெகுதூரம் சென்றுவிட்ட நிலையில், லேண்டி அவர்களைத் துரத்திப் பிடித்து 4 நிமிடம் 4.2 விநாடிகளில் வென்றார்.

இக்கதையைக் கேட்போர் மகிழ்வுறுவர். ஆனால் அம்மகிழ்ச்சியையே சற்றுச் சோதித்துப் பார்க்க வேண்டும். லேண்டி அன்று தோற்றிருந்தால் இதை நாம் இத்துணை உவகையோடு சொல்வோமா? நன்மை செய்தார், ஆகவே வென்றார் என்று நம் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அவ்வாறாயின் நன்மை என்பது வட்டியோடு திரும்பி வரும் முதலீடாகிவிடுமன்றோ? அவருடைய செயல், அவர் திரும்பி நடந்த அக்கணத்திலேயே நிறைவு பெற்றுவிட்டது. பின்னர் கிடைத்த வெற்றி அதன் மதிப்பைக் கூட்டவில்லை; தோல்வி வந்திருப்பினும் குறைத்திராது.

அப்படியானால் நில்லாமல் ஓடிய மற்றவர்கள் தவறு செய்தவர்களா? அவ்வாறு தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை. எந்த விதியும் அவர்களை நிற்கும்படி பணிக்கவில்லை, லேண்டியையும் பணிக்கவில்லை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கிளார்க்கின் மேல் உரசியது லேண்டியின் காலணி. விழுந்தது அவரால் அன்று. ஆயினும் தம் அடி பிறருக்கு என்ன செய்தது என்று அறியாமல் மேலே செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. கடமையின் எல்லை விதிநூலில் முடிகிறது. மனச்சான்றின் எல்லை அங்கே முடிவதில்லை.

இது ஒருநாள் உணர்ச்சிவயப்பட்ட செயல் அன்று என்பதற்கு அதே ஆண்டு சான்று தருகிறது. மெல்போர்ன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கிளார்க் சுடரேற்றினார். வீரர்கள் சார்பில் லேண்டி உறுதிமொழி கூறினார். டிசம்பர் 1 அன்று 1500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் அயர்லாந்தின் ரான் டெலனி 3 நிமிடம் 41.2 விநாடிகளில் பொன்பதக்கம் வென்றார். தாய்நாட்டு மக்களின் முன்னிலையில் ஓடிய லேண்டிக்கு மூன்றாம் இடமே கிட்டியது. ஓட்டம் முடிந்ததும் டெலனி முழந்தாளிட்டுத் தலைகவிழ்ந்தார். அவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று கருதி லேண்டி அவரிடம் சென்றார். டெலனியோ செபித்துக்கொண்டிருந்தார். தோற்றவர், தம் தோல்வி ஆறுமுன்னே, தம்மை வென்றவருக்குத் துணைசெய்யச் சென்றார். இங்கே வட்டியும் இல்லை, வரவும் இல்லை.

ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் லேண்டி வேளாண் ஆராய்ச்சியில் பணியாற்றினார். வண்ணத்துப்பூச்சிகளையும் இயற்கையையும் உற்றுநோக்கி, இயற்கையைப் பற்றி எழுதினார். 2001 முதல் 2006 வரை விக்டோரியா மாநிலத்தின் ஆளுநராக விளங்கினார். 2022இல் தமது 91ஆம் வயதில் மறைந்தார். அவருடைய சாதனை நேரங்களை எத்தனையோ இளைஞர்கள் கடந்துவிட்டனர். அவர் திரும்பி வந்த அந்தச் சில அடிகளையோ எந்தக் கடிகாரமும் முறியடிக்க இயலாது.

திரும்பிப் பார்ப்பதில் இரு வகை உண்டு என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. தன் இடம் பறிபோகுமோ என்று அஞ்சித் திரும்புவது ஒன்று. தன் பின்னே எவர் விழுந்தார் என்று கேட்டுத் திரும்புவது மற்றொன்று. நாம் அன்றாடம் பழகியிருப்பது முதல்வகையே. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணையும், உடன்பணியாற்றுபவரின் பதவி உயர்வையும் எத்தனைமுறை தோளுக்கு மேலாகப் பார்க்கிறோம்! ஆனால் நம் முன்னேற்றத்தின் காலணி எவர்மேல் உரசியது என்று நின்று பார்க்க நமக்கு நேரமில்லை. தேர்வில் முந்தவேண்டும் என்று பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொல்கிறோம். விழுந்த தோழனுக்காக நின்றதால் அவர்கள் பிந்தி வரும் நாளில், வீட்டு வாசலில் நாம் எந்த முகத்தோடு அவர்களை வரவேற்போம்? அந்த நாள் வருமுன்னே நாம் விடை தேடவேண்டிய வினா இது.