கார் எங்கே நிற்க வேண்டும்

2024 ஆனி மாதம் என் மகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. வகுப்புகள் சேப்பாக்கம் வளாகத்தில். தங்குவதற்கு வேளச்சேரியில் என் தங்கை வீடு இருக்கிறது. கட்டணத்துக்கு என்ன வழி என்று யோசிப்பதற்கு முன்பே அவள் அப்பா கேட்டுவிட்டார்: "காரை அவளே எடுத்துக்கினு போவட்டுமே?"

எங்களிடம் இருப்பது ஒரே கார். பழையதாக வாங்கிய வெள்ளை ஆல்டோ, புதுச்சேரிப் பதிவான பி.ஒய்-01 எண். எங்கள் ஊர் செல்லிப்பட்டின் ஆற்றோரச் சாலையில், படுகை அணைப் பக்கம், விடியற்காலையில் அவள் ஓட்டப் பழகியதும் இதில்தான். நன்றாகவே ஓட்டுவாள்.

முதலில் சரி என்று சொன்னது நான். அதற்கான காரணம் முப்பது வருஷத்துக்கு முந்தையது. செல்லிப்பட்டிலிருந்து புதுச்சேரி பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரிக்குப் போய்வந்து படித்தவள் நான். காலையில் வரும் பஸ்ஸை விட்டால் முதல் வகுப்பு போச்சு. சாயங்காலம் மறைமலையடிகள் சாலை பஸ் நிலையத்தில் நிற்கும்போது கண்ணெல்லாம் கடிகாரத்தில் இருக்கும். ஊர் பஸ் போய்விட்டால் பத்துக்கண்ணு வரைதான் வரமுடியும். அங்கே அப்பா சைக்கிளோடு காத்திருப்பார். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டில் தனியாக நடந்தேன். கரும்புக்குள் ஏதாவது சலசலத்தால் நிற்பேன், அடங்கியதும் நடப்பேன். வீடு வந்து சேர்ந்தபோது யாரும் திட்டவில்லை. "படிச்ச வரைக்கும் போதும்" என்றாள் பாட்டி. காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அப்பா மறுத்துப் பேசியிருக்காவிட்டால் என் படிப்பு அன்றோடு நின்றிருக்கும்.

அந்தக் காலத்தில்தான் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. 1990களின் தொடக்கம், ஷீலா ராணி சுங்கத் அங்கே ஆட்சியராக இருந்த நேரம். கல் குவாரியிலும் வயலிலும் பாடுபட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நானும் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். முழங்காலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் பெண்ணின் ஒருநாள் எவ்வளவு நீளுகிறது என்று எனக்குத் தெரியும். என் மகள் ஒரு பஸ்ஸுக்காகப் படிப்பை இழக்கக்கூடாது என்று அவள் பிறந்தபோதே நினைத்தவள் நான்.

சேர்க்கைக்குக் காரிலேயே போனோம். முதல்நாள் இரவே தங்கை வீட்டுக்குப் போய்விட்டோம். அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கார்தான் நிறுத்தலாம், அந்த இடத்தில் அவர்கள் கார் நிற்கிறது. எங்கள் வண்டி தெருவில், வேறொருவர் வீட்டு வாசலை ஒட்டி நின்றது. காலை எட்டரைக்குக் கிளம்பினோம். அடையாறு தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடிப்பதற்குள் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்கு வைத்த தடுப்புகள் எத்தனை! ஒன்றரை மணி நேரம். கிளட்சை மிதித்து மிதித்து அவளுக்குக் கால் கடுத்துப்போனது. மெரினா பக்கம் ஓர் இடத்தில் காரை விட்டுவிட்டு வெயிலில் நடந்தோம்.

பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் முன்னால் நான் நின்றுவிட்டேன். 1870களில் சிஸம் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பியது. மூலைக்கு ஒரு கோபுரம், மேலே வண்ணம் பூசிய குவிமாடம். நாம் பெற்ற பிள்ளை இந்த வாசலுக்குள் படிக்கப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. "பாரேண்டி" என்று திரும்பினால், அவள் கார் நிற்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க நிறுத்தலாமா கூடாதான்னு தெரியலைம்மா. பூட்டு போட்டுட்டாங்கன்னா?" உள்ளே வரிசையில் நின்றபோதும் அவள் மனசு வெளியே சக்கரத்தில்தான் இருந்தது.

மறுநாள் ஒரு கையெழுத்து பாக்கி. பறக்கும் ரயிலில் போவோம் என்றாள். டிக்கெட் ஒரு டீயின் விலைக்குள் அடங்கியது. தரமணி, திருவான்மியூர், கோட்டூர்புரம். அடையாற்றின் மேல் ரயில் போனபோது அவள் கதவுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தாள். எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கபாலீஸ்வரர் கோயிலுக்கு எங்கே இறங்குவது என்று கேட்டாள். அந்த அம்மா கோயிலோடு நிறுத்தாமல் எந்தக் கடையில் காபி நன்றாக இருக்கும் என்பதுவரை சொல்லிவிட்டுத் திருமயிலையில் இறங்கினார். முக்கால் மணிக்கும் குறைவான நேரத்தில் சேப்பாக்கம். முந்தின நாள் அதே நகரத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் முன்னால் நின்ற வண்டியின் பின்பக்கம்.

ஆனாலும் என் பயம் போகவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். பறக்கும் ரயில் நிலையங்கள் பெரிய பெரிய சிமெண்டு மண்டபங்கள். கூட்ட நேரம் போய்விட்டால் நம் காலடி ஓசைதான் கேட்கும். பெண்ணைப் பெற்றவளுக்கு அந்தப் படிக்கட்டு இருட்டு சின்ன விஷயமில்லை. அவளிடம் சொன்னேன். "ஏழு மணிக்கு மேல ஆச்சுன்னா பஸ்லயே வந்துடறேம்மா. பஸ்ல எப்பவும் நாலு பொம்பளைங்க இருப்பாங்க" என்றாள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்பு பூசிய பஸ் வந்தால் ஏறிக்கொள்ளலாம். ஒரு பஸ்ஸுக்காக உயிரைக் கையில் பிடித்து நின்ற எனக்கு, அடுத்தடுத்து பஸ் வரும் ஊரைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச நாள் பிடித்தது. செல்லிப்பட்டில் வண்டி நம்மை வெளியே கொண்டுபோகும். சென்னையில் நாம் வண்டியைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்.

வேளச்சேரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளவே அனுமதி இல்லை. மான்கள் திரியும் அந்தக் காட்டுக்குள் சைக்கிளிலும் வளாக பஸ்ஸிலும்தான் பிள்ளைகள் போகிறார்கள். கேம்பிரிட்ஜிலும் மாணவர் கார் வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும். சேப்பாக்கம் போகிறவளுக்கு அப்படி யாரும் முடிவு செய்து தரவில்லை, நாங்களேதான் செய்ய வேண்டியிருந்தது. சட்டச் செலவும் இருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி அந்த மாநில எண்ணுக்கு மாற்றிப் பதிய வேண்டும். இங்கே தடையின்மைச் சான்று, அங்கே சாலை வரி.

கார் ஊருக்கே திரும்பியது. அவள் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், மகளுக்குத் தன்னால் முடிந்ததைக் கொடுக்கவில்லை என்று.

அந்த அக்டோபரிலேயே சென்னைக்கு மழை எச்சரிக்கை வந்தது. மழை பெய்வதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. 2015லும் 2023லும் தண்ணீரில் மூழ்கியதைப் பார்த்தவர்கள், என்ன செய்வார்கள்? என் தங்கை வீட்டுக்காரரும் இரவு போய் இடம் பிடித்து நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மகள் போனில் சொன்னாள்: "நம்ம வண்டி இருந்திருந்தா நானும் பாலத்து மேலதாம்மா நின்னுக்கினு இருந்திருப்பேன். நாளைக்கு எனக்குப் பரீட்சை."

இங்கே அந்தக் கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது. எங்கள் பெயரில் இருந்தாலும் அது தெருவுக்கே பொது. மாமியாரை ஜிப்மருக்குக் கூட்டிப்போக, எதிர்வீட்டுத் தாத்தா கண்ணுக்குக் காட்ட, பெஞ்சல் புயல் மழை ஓய்ந்த மறுநாள் ஆற்றோர வீட்டுக்காரர்களின் பாத்திரம் பண்டம் ஏற்ற. இந்தக் கணக்கை ஆனி மாதம் நாங்கள் யாருமே போடவில்லை. சென்னைக்கு அனுப்பலாமா என்று பேசிக்கொண்டிருந்தபோது, அது இல்லாத தெருவை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

தை மாதம் ஒரு நடுராத்திரி பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டினாள். மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, நாள் இன்னும் பத்து இருக்கிறது. காத்திருக்கும் நிலையில் அவள் இல்லை. பின்சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பத்துக்கண்ணு தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. வில்லியனூரில் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. எல்லைப்பிள்ளைச்சாவடி மகளிர் மருத்துவமனை வாசலில் இறக்கியபோது மணி இரண்டே கால்.

விஷயம் தெரிந்து காலையில் மகள் போன் செய்தாள். ரயில் சத்தம் கேட்டது.

"எப்படிம்மா போனீங்க?"

"நம்ம கார்லதான்."

சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

"பொண்ணா, பையனாம்மா?"